இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் படிக்க 40 லட்சம் கடன் வாங்கலாமா?

ஆகஸ்ட் 3, 2025 (கேள்வி, ஓசூரிலிருந்து)

பி.இ. மெக்கானிக்கல். சி.என்.சி. (கணினி இயக்கும் மெஷின்) ஷாப்பில் நாலு வருஷம், இப்போது ஷிஃப்ட் இன்ஜினியர். எம்.எஸ். மெக்கானிக்கல் போனால் மறுபடி டிசைன், சிமுலேஷன் என்று உட்கார வேண்டும், அதில் மனம் இல்லை. எம்.பி.ஏ. போனால் மெஷின் பக்கமே வர முடியாது போலிருக்கிறது. நடுவில் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்றரை வருஷம், எல்லாம் சேர்த்து 40 லட்சம் ஆகும் என்கிறார்கள். "எம்.பி.ஏ. கிடைக்காதவர்கள் படிப்பது அது" என்கிறார் என் மேனேஜர். உண்மையா?

ஆகஸ்ட் 3, இரவு

உண்மை இல்லை. நான் அதைப் படித்தவள், அதனால் சொல்கிறேன்.

2011-ல் பி.இ. முடித்து, கோவை கணபதியில் வால்வு பாடி மெஷினிங் செய்யும் ஷாப்பில் ஐந்து வருஷம் இருந்தேன். 2016 ஆகஸ்டில் அமெரிக்கா போய் 2017 டிசம்பரில் எம்.இ.எம். (நீங்கள் கேட்கும் இன்ஜினியரிங் மேனேஜ்மென்ட் முதுநிலைப் படிப்பு) முடித்தேன். அங்கேயே மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு 2021 தொடக்கத்தில் திரும்பி வந்தேன். இப்போது கோவையில் ஒரு ஆலையில் உற்பத்தியைக் கவனிக்கிறேன்.

இந்தத் துறை நேற்று முளைத்தது அல்ல. 1886-ல் சிகாகோவில் நடந்த அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கக் கூட்டத்தில் ஹென்றி டவுன் ஒரு கட்டுரை வாசித்தார். பூட்டுக் கம்பெனி நடத்திய இன்ஜினியர் அவர். ஆலையின் கூலி, கணக்கு, செலவு இவற்றையும் இன்ஜினியர்களே உட்கார்ந்து ஆராய வேண்டும், அதற்கு ஒரு மேடை வேண்டும் என்றார். அதற்கென்று தனித் துறை தொடங்கியது 1967-ல், மிசௌரி மாநிலம் ரோலாவில். எம்.பி.ஏ. இடம் கிடைக்காதவர்களுக்காக யாரும் அதைத் தொடங்கவில்லை.

நான் படித்தவை: ஆபரேஷன்ஸ் ரிசர்ச், புள்ளியியல், முடிவெடுத்தல், செலவுக் கணக்கியல், புராஜெக்ட் திட்டமிடல், சப்ளை செயின், தரக் கட்டுப்பாடு. கணக்கு நிறைய வரும். கணக்கைக் கண்டால் விலகி ஓடுபவருக்கு இது சரிப்படாது.

ஷாப் ஃப்ளோரில் நின்ற அனுபவம் இல்லாதவர்கள் போகவே வேண்டாம் என்பது என் முடிவு. உங்களுக்கு நாலு வருஷம் இருக்கிறது. போகலாம். ஆனால் பணத்தைப் பேசிவிட்டுப் போங்கள்.

ஆகஸ்ட் 4, காலை

பணம்.

40 லட்சம், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகையும் எடுத்த பிறகு வருஷத்துக்கு வட்டி மட்டும் 4.4 லட்சம், அதாவது மாதம் ஏறக்குறைய 36,700. படிக்கும் காலத்தில் வங்கி தவணை கேட்காது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 வருஷத்தில் அடைப்பதாக இருந்தால் மாதத் தவணை சுமார் 55,000. டாலரில் சம்பளம் வரும்வரை இது பெரிய பாரம் இல்லை. ரூபாயில் சம்பளம் வாங்கும் நாள் வந்தால் தாங்குமா என்று இப்போதே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். அப்பாவின் வீட்டுப் பத்திரத்தை அடமானமாகக் கேட்டால் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவிடம் கடைசியில்தான் சொன்னோம். அது தவறு.

கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரி விலக்கு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.

விசா பக்கம்: படித்து முடித்ததும் ஓ.பி.டி., அதாவது மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் இன்னும் 24 மாதம், ஆக மொத்தம் மூன்று வருஷம். எம்.இ.எம். ஸ்டெம்தான். கவலை வேண்டாம்.

ஆகஸ்ட் 4, மதியம்

மேலே "கவலை வேண்டாம்" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். படிப்பின் பெயரை வைத்து ஸ்டெம் முடிவாவதில்லை, பல்கலைக்கழகம் அதற்குக் கொடுத்திருக்கும் குறியீட்டை வைத்துத்தான். இன்ஜினியரிங் மேனேஜ்மென்டுக்கான 15.1501 என்ற குறியீடு பட்டியலில் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடத்தில் வேறு குறியீடு போட்டிருந்தால் கதையே மாறிவிடும். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அது அச்சாகியிருக்கும், பணம் கட்டும் முன் பாருங்கள்.

அந்த 24 மாதத்துக்கு வேலை கொடுப்பவர் இ-வெரிஃபை என்ற அமெரிக்க அரசின் சரிபார்ப்பு முறையில் பதிந்திருக்க வேண்டும். முதல் 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் வேலை இல்லாமல் இருக்கவும் கூடாது. அந்த 90 நாளில் 61 நாளை நான் எண்ணியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது அந்த எண்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"படித்ததில் உருப்படியாக என்ன கிடைத்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன்.

கணபதி ஷாப்பில் மெஷினை அடுத்த வேலைக்குத் தயார் செய்யும் செட்டர் அண்ணன் ஒருவர் எங்களுக்கு இருந்தார். ஐ.டி.ஐ. படித்தவர். ஒரு வால்வு பாடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அதாவது பீஸைப் பிடித்து வைக்கும் பிக்ஸ்சரைக் கழற்றி, டூல் மாற்றி, டூல் அளவுக்கேற்ற ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸ் ஓகே ஆக, மற்ற ஷிஃப்டில் இரண்டரை மணி நேரம் ஆகும். அண்ணன் ஷிஃப்டில் நாற்பது நிமிஷம். முந்தைய லாட்டின் (ஒரே ஓட்டமாகச் செய்யும் பீஸ்களின் தொகுதி) கடைசி பீஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டூல்களைப் பிரீசெட் பண்ணி, போல்ட், ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) எல்லாவற்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்திருப்பார். வீட்டில் பூஜைத் தட்டு வைப்பது போல.

நான் அப்போது பிளானிங் பார்த்தேன். இப்படி மாற்றும் செட்டப்பில் நேரம் போகிறதே என்று லாட்டைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். 1,200 பீஸ் ஒரே ஓட்டம். அண்ணன் வந்து, "பாப்பா, சின்னச் சின்னதா போடுங்க, நான் மாத்தித் தர்றேன்" என்றார். அவருக்கு வேலை கூடுமே, ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. மெஷின் நின்றால் நஷ்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

முதல் செமஸ்டரில், ஃபோர்ட் ஹாரிஸ் 1913-ல் கொடுத்த வாய்ப்பாடு வந்தது. எவ்வளவு பீஸை ஒரே லாட்டாக ஓட்டினால் செலவு குறைவு என்று சொல்வது. ஆண்டுத் தேவையை ஒரு செட்டப்பின் செலவால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒரு பீஸை ஒரு வருஷம் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எங்கள் ஷாப் எண்களைப் போட்டுப் பார்த்தேன். வருஷம் 12,000 பீஸ், செட்டப்புக்கு 2,000 ரூபாய், வைத்திருக்க பீஸுக்கு 30 ரூபாய். விடை 1,265. ஆகா, நான் ஓட்டிய 1,200 சரிதான் என்று ஒரு நிமிஷம் சந்தோஷம்.

அப்புறம்தான் பேராசிரியர் கேட்டார்: செட்டப் செலவு 2,000 என்று யார் முடிவு செய்தது?

அண்ணன் ஷிஃப்டில் அது 500-க்கு மேல் வராது. 500 போட்டால் விடை 632. லாட் பாதியாகிறது, தரையில் கிடக்கும் சரக்கும் பாதியாகிறது. நான் வாய்ப்பாட்டின் உள்ளே நின்று கணக்குப் போட்டேன். அண்ணன் வாய்ப்பாட்டுக்குள் போகும் எண்ணையே மாற்றிக்கொண்டிருந்தார். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ இதைத்தான் ஒரு முறையாக்கினார்: மெஷின் ஓடும்போதே செய்யக்கூடியதை ஓடும்போதே செய், நின்றால்தான் முடியும் என்பதை மட்டும் நிறுத்திச் செய், மாற்றும் நேரத்தைப் பத்து நிமிஷத்துக்குள் கொண்டுவா. அண்ணனுக்கு ஷிங்கோவைத் தெரியாது. அன்று இரவு அவருக்கு போன் பண்ணினேன். இங்கே காலை ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்று அதே மாதத்தில். ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி: தரையில் இருக்கும் பீஸ் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு வெளியே போகும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே கிடக்கும் நாள் வரும். எங்களிடம் டிராலிகளில் எப்போதும் ஆயிரம் பாடி கிடக்கும், நாளைக்கு 40 வெளியே போகும். 25 நாள். மெஷினில் அது நிற்பது மொத்தமே 40 நிமிஷம். "ஏன் ஒரு மாசம் ஆகுது?" என்று கஸ்டமர் கேட்கும்போதெல்லாம் பவர் கட், ஆள் இல்லை, காஸ்டிங் லேட் என்று ஏதேதோ சொல்லியிருக்கிறேன். காரணம் என் கண்முன்னே டிராலியில் நின்றது.

கிடைத்தது இதுதான். ஐந்து வருஷம் பார்த்ததற்குக் காரணம் தெரிந்தது.

ஆகஸ்ட் 11

யாரோ சரியாகப் பிடித்துவிட்டார்கள்: செட்டப் செலவு என்றால் செட்டரின் கூலி மட்டும்தானா, மெஷின் நின்ற நேரத்தின் இழப்பும் சேருமா? அந்த நேரத்தில் ஓட்ட வேறு ஆர்டர் காத்திருந்தால் சேரும். காத்திருக்கவில்லை என்றால் சேராது. எங்களுக்கு நெரிசல் மாதங்களில் சேரும், ஐப்பசி மழையில் ஆர்டர் படுத்துவிடும்போது சேராது. நான் சொன்ன 2,000 நெரிசல் மாதக் கணக்கு.

ஆகஸ்ட் 24

முதல் நாள் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். "ஷாப் ஃப்ளோரில் நிற்காதவர்கள் போகவே வேண்டாம்" என்றேன். இரண்டு வாரமாக அது உறுத்துகிறது.

என் வகுப்பில் திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி முடித்த கையோடு வந்தவள். ஆலை வாசலை மிதித்தது இல்லை. ஆனால் அவள் அப்பா வாழைக்காய் மண்டி வைத்திருந்தார். நாளை எவ்வளவு விற்கும் என்று தெரியாமல் இன்று எவ்வளவு வாங்குவது, மீந்தால் நஷ்டம், தீர்ந்தால் வந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான் என்ற கணக்கு பாடமாக வந்தபோது, வகுப்பிலேயே முதலில் விடை சொன்னது அவள்தான். எங்களுக்கெல்லாம் பட்டை பட்டையாகப் படம் வரைந்தால்தான் புரிந்தது. அவள் அப்பா விடியற்காலை ஏலத்தில் செய்ததை நினைத்துச் சொன்னாள்.

ஆக, ஷாப் ஃப்ளோர்தான் வேண்டும் என்பதில்லை. மண்டி, லாரி ஷெட், ஆஸ்பத்திரி, எங்காவது வேலை தேங்கி நிற்பதைப் பார்த்து "ஏன் இப்படி?" என்று உங்களுக்கே ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். அது இல்லாமல் போனவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள். நல்ல மார்க் வாங்கினார்கள். இன்டர்வியூவில் "ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று கேட்கும்போது திணறினார்கள்.

செப்டம்பர் 21

நேற்று முழுக்க எல்லோருக்கும் இதே பேச்சு. புது எச்-1பி (அமெரிக்க வேலை விசா) மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 19-ம் தேதி அறிவிப்பு வந்திருக்கிறது. ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய். நீங்கள் வாங்கப்போகும் கடனைப் போல இரண்டு மடங்கு. எந்த ஆலை, ஒரு புது பிளானிங் இன்ஜினியருக்கு இதைக் கட்டும்?

தம்பி, இப்போதைக்கு முன்பணம் எதுவும் கட்டாதீர்கள். பொறுங்கள்.

இந்த அறிவிப்புக்கு முன்பும் அது குலுக்கல்தான். வருஷத்துக்கு 65,000 விசா, அமெரிக்க முதுநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு மேலும் 20,000. எனக்கு 2018, 2019, 2020 மூன்று வருஷமும் விழவில்லை. மூன்றாவது முறை தெரிந்த அன்று நான் வேலை பார்த்த ஆலையில் லைன் பேலன்சிங், அதாவது ஸ்டேஷன்களுக்கு வேலையைச் சமமாகப் பிரிப்பது, பாதியில் இருந்தது. எட்டு ஸ்டேஷனில் ஐந்தை முடித்திருந்தோம். மீதி மூன்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது இன்னும் அப்படியே ஓடுகிறது என்று அங்கே இருக்கும் சிநேகிதி சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கும்.

செப்டம்பர் 28

இந்தியாவிலேயே படிப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சென்னை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியிலும் கோவை பி.எஸ்.ஜி. டெக்கிலும் எம்.இ. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் இருக்கிறது. பாடத்தில் பாதிக்கு மேல் நான் படித்ததேதான். கேட் (முதுநிலை நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணோடு முழுநேர எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகைக்கு வழி உண்டு. மும்பை பவாயில் 1963-ல் தொடங்கிய நிட்டி, இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்குக்கே பேர் போன இடம். 2023-லிருந்து அது ஐ.ஐ.எம். மும்பை. வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்றால் பிட்ஸ் பிலானியின் வேலையோடு சேர்ந்த படிப்புகளில் மேனுஃபேக்சரிங் மேனேஜ்மென்ட் இருக்கிறது. எங்கள் ஆலையில் ஒரு பையன் அதைத்தான் படிக்கிறான். சனி, ஞாயிறு வகுப்பு, திங்கட்கிழமை அதே கணக்கை எங்கள் லைனில் போட்டுப் பார்க்கிறான். நான் மூன்று வருஷம் கழித்து இங்கே வந்து செய்ததை அவன் மூன்று நாளில் செய்கிறான். அதைப் பார்க்கும்போது, இப்போது எனக்கு 26 வயது என்றால் எந்தப் பக்கம் போவேன் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

போனதற்கு வருந்தவில்லை. அங்கே போகாமல் இருந்திருந்தால் கீழே எழுதப்போகும் வகுப்பில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அதை இன்று எழுத முடியாது, ஆயுத பூஜைக்கு முன் ஸ்டாக் எடுக்க வேண்டும்.

அக்டோபர் 12

அந்த வகுப்பு.

1986 ஜனவரி 28, சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பி 73 விநாடியில் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் ஓ-ரிங், குளிரில் இறுகி அடைக்காமல் போனதுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். பேராசிரியர் அதைப் பற்றிப் பேசவில்லை. முந்தின நாள் இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தைப் பற்றித்தான் மூன்று மணி நேரமும் பேசினார்.

பூஸ்டர் செய்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் இன்ஜினியர்கள், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நம் கணக்கில் சுமார் 12 டிகிரி. நாசா தரப்பில் அதை ஏற்க மனமில்லை. கம்பெனி ஆட்கள் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கேட்டார்கள், அது அரை மணி நேரம் ஆனது. அங்கேதான் மேலதிகாரி ஒருவர் இன்ஜினியரிங் பிரிவின் தலைவரைப் பார்த்து, இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடு என்றார். அவர் போட்டுக்கொண்டார். ஏவலாம் என்று பதில் போனது.

கணக்கில் நடந்த தவறையும் காட்டினார். அந்த இரவு அவர்கள் ஓ-ரிங்கில் சேதம் இருந்த பயணங்களை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். குளிரிலும் சேதம், வெயிலிலும் சேதம், தொடர்பு தெரியவில்லை. சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால்? 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63-ம் அதற்குக் கீழும் இருந்த நாலு பயணங்களில் நாலிலும் சேதம். இது விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பேப்பரில் புள்ளி வைத்துப் பார்த்தோம். பத்து நிமிஷ வேலை.

என்னை உலுக்கியது வேறு. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபி என்று கேட்பதுதான் வழக்கம். அன்று இரவு, பாதுகாப்பில்லை என்று நிரூபியுங்கள் என்ற நிலைக்கு இன்ஜினியர்களைத் தள்ளிவிட்டார்கள். அவர்களிடம் இருந்தது சந்தேகம், நிரூபணம் இல்லை.

எனக்கு 2014 நினைவுக்கு வந்தது. ஹைட்ரோ டெஸ்டில் 200 வால்வு பாடியில் நாலு வேர்த்தது. அழுத்தம் ஏற்றி வைத்தால் காஸ்டிங்கின் நுண்துளை வழியாக ஈரம் பனிக்கும், அதை அப்படித்தான் சொல்வோம். நாலையும் ஒதுக்கிவிட்டு மீதியை அனுப்பச் சொன்னார்கள். ஒரே உருக்கில் வார்த்தது, முழு லாட்டையும் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துப் பார்க்கலாம் என்றேன். "லாரி வாசல்ல நிக்குது. மத்தது லீக் ஆகும்னு உன்னால நிரூபிக்க முடியுமா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். ரிப்போர்ட்டில் கையெழுத்தும் போட்டேன். இரண்டு மாதம் கழித்து 11 பாடி திரும்பி வந்தது. தண்ணீர் லைனில் போட்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீராவி லைனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் தூக்கம் வரவில்லை.

படிப்பின் பெயரிலேயே இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட் இரண்டும் இருக்கின்றன. ஒன்றைக் கழற்றித்தான் இன்னொன்றைப் போட வேண்டும் என்றால் அந்தப் பட்டம் எதற்கு?

இப்போது என் ஆலையில் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன். சந்தேகம் சொல்பவர் எதையும் நிரூபிக்க வேண்டாம். அனுப்பலாம் என்பவர்தான் எண்ணோடு வந்து நிரூபிக்க வேண்டும். இதனால் மூன்று முறை டிஸ்பாட்ச் தாமதமாகி அபராதம் கட்டியிருக்கிறோம். அதில் இரண்டு முறை லாட் நன்றாகவே இருந்தது. ஒரு முறை இல்லை.

அக்டோபர் 13

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை கேட்டாள்: "அந்த அபராதத்தை முதலாளி சும்மா விட்டாரா?" விடவில்லை. முதல் முறை பெரிய சண்டை. 2014-ல் திரும்பி வந்த 11 பாடிக்கான லாரி வாடகை, புதிதாகச் செய்து அனுப்பிய செலவு, அடுத்த வருஷம் கஸ்டமர் குறைத்துக்கொண்ட ஆர்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். செலவுக் கணக்கியல் வகுப்பு அன்றுதான் முழுசாக உதவியது. தரத்தைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் அவர் கேட்டிருக்க மாட்டார். அவர் பக்கம் இருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான், வங்கிக்குப் பதில் சொல்வது அவர்.

அக்டோபர் 22

செப்டம்பர் 21-ல் எழுதியதற்குத் திருத்தம். அக்டோபர் 20-ம் தேதி அமெரிக்கக் குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்திருக்கிறது. அங்கேயே மாணவர் விசாவில் இருந்துகொண்டு எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு அந்த ஒரு லட்சம் டாலர் பொருந்தாது. வெளியே இருந்து புதிதாகப் போகிறவர்களுக்குத்தான். ஆக, அங்கே படிக்கும் வழி அடைபடவில்லை. குலுக்கல் மட்டும் இன்னும் உண்டு.

இது இன்றைய நிலவரம். ஒரே மாதத்தில் இரண்டு முறை மாறியதைப் பார்த்தீர்கள். அந்த 55,000 தவணையை ரூபாய்ச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்ற கணக்கைப் போட்டீர்களா, இல்லையா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

டிசம்பர் 7

தம்பி பதில் போட்டிருக்கிறார். கணக்குப் போட்டாராம், தாங்காதாம். வேலையை விடாமல் இங்கேயே படிக்க விண்ணப்பிக்கப் போகிறார், இரண்டு வருஷம் கழித்து வெளியே போவதை மறுபடி பார்ப்பாராம். சரி. கிடைக்கட்டும்.

ஒன்று செய்யுங்கள். வகுப்பு தொடங்கும் முன் உங்கள் ஷாப்பில் ஒரு மாதம் எல்லா செட்டப்பையும் குறித்து வையுங்கள். எந்த மெஷின், யார் செட்டர், கடைசி நல்ல பீஸிலிருந்து அடுத்த முதல் நல்ல பீஸ் வரை எத்தனை நிமிஷம், எதற்காக நடக்க வேண்டியிருந்தது. ஸ்பேனர் தேடியது, கிரேனுக்குக் காத்திருந்தது எல்லாம் எழுதுங்கள். ஸ்டாப்வாட்சை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், ஆட்களுக்குப் பிடிக்காது. அவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர்களே எழுதித் தருவார்கள்.

எங்கள் செட்டர் அண்ணன் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். போன வாரம் கணபதிக்குப் போய்ப் பார்த்தேன். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஜாபுக்கும் ஷிம் எத்தனை மில்லிமீட்டர், எந்த டூலை முதலில் மாட்ட வேண்டும், எந்தப் பிக்ஸ்சரின் இடது பக்க கிளாம்ப் தளரும் என்று எல்லாம் பென்சிலில். சில பக்கம் கூலன்ட் பட்டு அழிந்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழிந்த இடங்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், 17-ம் பக்கம் வரை வந்திருக்கிறது.